குரும்பட்டி அடித்த நாட்கள்

எனக்குக் கோல்ஃப் அடிக்கத் தெரியும் என்று சொன்னால் சாய்ந்தமருதில் ஒரு சனமும் நம்பாது. நம்பாமல் இருப்பதும் நல்லதுதான். ஐம்பதை எட்டப்போகிற பொம்புளை, மகளைக் கட்டிக் கொடுத்தவள், பின்வளவில் இரும்புத் தடியோடு நிற்கிறாள் என்று ஊருக்குள் கதை போயிருந்தால் பேய் பிடித்துவிட்டதென்று எனக்கு ஓதிப் பார்க்க ஆள் கூட்டி வந்திருப்பார்கள்.

சொல்லித் தந்தது என் மனிசன். வாய் திறந்து அல்ல.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் அவர் கட்டாருக்குப் போனார். இருபத்தாறு வருசம். லீவில் வந்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் மூன்று வருசம் வராது. அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை. முதலில் பந்து பொறுக்கினார். பிறகு அடிக்கப் பழக வருகிறவர்களுக்கு உதவியாகப் பக்கத்தில் நின்றார். நின்று நின்று தானும் பழகிவிட்டார். ஒவ்வொரு நாளும் போனில் அதே கதை. தடியை எப்படிப் பிடிக்கிறது, காலை எவ்வளவு அகட்டி வைக்கிறது, அவசரப்பட்டால் எங்கே பிழைக்கிறது. நான் மீன் பொரித்துக்கொண்டு ஓம் ஓம் என்பேன். என்ன சொல்கிறார் என்று காது கொடுத்ததேயில்லை. சத்தம் கேட்டால் போதும் எனக்கு. "இஞ்ச புள்ள" என்றுதான் தொடங்குவார். அந்த ரெண்டு சொல்லுக்காக அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு காத்து நிற்பேன். உண்மையைச் சொன்னால், நான் குடும்பம் நடத்தியது ஒரு குரலோடுதான்.

கடைசியில் ஒரேயடியாக வந்து சேர்ந்தார், அங்கே கழித்துப்போட்ட கோல்ஃப் தடி ஒன்றையும் கொண்டு. வந்து ரெண்டாம் மாதம், விடியச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கப் போனவர் பைப்படியில் விழுந்தார். ஸ்ட்ரோக். வலக்கை போனது, வலக்கால் பாதி போனது, பேச்சு முழுக்கப் போனது. கல்முனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும், யாரோ அந்நிய ஆம்பிளையைக் கொண்டுவந்து என் கட்டிலில் படுக்க வைத்தது போலிருந்தது. ஆள் வந்துவிட்டார். எனக்குத் தெரிந்தவர் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை எனக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லு சொல்லு என்று அவரை நெருக்க வேண்டாம், கோபத்திலோ சந்தோசத்திலோ யோசிக்காமல் இருக்கும்போது சொல் தானாக வந்து விழும் என்று. நான் கேட்டேனா? தண்ணி சொல்லுங்க, சோறு சொல்லுங்க, மகள்ட பேரச் சொல்லுங்க என்று விடிந்ததிலிருந்து அரித்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவரைப் பின்வளவில் கதிரையில் இருத்திவிட்டு, அந்தத் தடியால் முருங்கைக்காய் பறித்தேன். மனிசனுக்குப் பொறுக்கவில்லை. ஊம் ஊம் என்று இடக்கையை ஆட்டினார். கிட்டப் போனேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தடியில் மாற்றி வைத்தார். நான் இறுக்கிப் பிடித்தபோது மணிக்கட்டில் தட்டினார், தளர்த்தச் சொல்லி. விழுந்து ஏழு மாதத்தில் அவர் தானாக ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான்.

பந்துக்கு எங்கே போவது? தென்னைக்குக் கீழே விழுந்து கிடக்கிற தேங்காய்ப் பிஞ்சு, குரும்பட்டிதான் பந்து. காலைத் தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும். தடியைக் கையால் தூக்கக் கூடாது, தோளும் முதுகும் சேர்ந்து திரும்ப வேண்டும். பாரம் வலக்காலுக்குப் போய், அடிக்கும்போது இடக்காலுக்கு வர வேண்டும். முதலில் இடுப்பு, கை பிறகுதான். இவ்வளவையும் ஒற்றைக் கையாலும் கண்ணாலும் காட்டித் தந்தார். நான் மா இடிப்பது போல அடித்தேன். மண் கிளம்பியது, குரும்பட்டி வைத்த இடத்திலேயே கிடந்தது. தடி படுவதற்கு முதலே எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்ப்பதுதான் என் பெரிய பிழை. பத்தாம் தரமோ பதினைந்தாம் தரமோ நிமிர்ந்தபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"தலை."

தடியைப் போட்டுவிட்டு மண்ணில் குந்திக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார்.

அதற்குப் பிறகு "கால்" வந்தது. "மெல்ல" வந்தது. ஒரு நாள் "மடச்சி" என்று வந்து, மகளும் நானும் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்து சிரித்தார். அஸர் நெருங்கினால் ஆளுக்கு இருப்புக் கொள்ளாது. சட்டையை மாற்றிவிடச் சொல்லிக் கையைக் காட்டுவார், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியார் மாதிரி.

இதில்தான் எனக்குப் பேராசை பிடித்தது. ரெண்டு மாதத்தில் அடி பிடிபட்டுவிட்டது. ஆனால் சரியாக அடித்தால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். பிழைத்தால்தான் சொல் வரும். தலையாட்டலை வைத்து நான் என்ன செய்ய? வேண்டுமென்றே நிமிர்ந்தேன். வேண்டுமென்றே காலைக் கோணலாக வைத்தேன். அவர் வேர்க்க விறுவிறுக்கத் திருத்துவார், நான் ஒன்றும் தெரியாதவள் போல நிற்பேன். கோபம் முற்றினால் ஒரு நாள் "இஞ்ச புள்ள" என்று வந்துவிடும் என்பது என் நினைப்பு.

ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, அவர் நித்திரை என்று நினைத்துப் பின்வளவுக்குப் போனேன். சும்மா, என் ஆசைக்கு. இதையும் சொல்லத்தான் வேண்டும், எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்துப் போயிருந்தது. சரியாகப் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது, குரும்பட்டி மட்டும் பறக்கும். நாலு அடித்தேன். நாலும் மதிலுக்கு மேலால் பக்கத்து வெறுங்காணிக்குப் போனது. திரும்பினால், பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார்.

முதலில் முகத்தில் சந்தோசம்தான் தெரிந்தது. சத்தியமாகப் பார்த்தேன். பிறகு யோசித்தார். நேற்றும் முந்தாநேற்றும் நான் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"பொய்," என்றார். மறுகா, தெளிவாக, "எல்லாம் பொய்."

ரெண்டு சொல் சேர்ந்து வந்தது அப்போதுதான். என்னோடு அவர் கடைசியாகக் கதைத்ததும் அதுதான்.

ஓம், பொய்தான், உங்கட சத்தத்தைக் கேட்கத்தான் செய்தேன் என்று அவர் காலடியில் குந்தியிருந்து சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பாவம், தன்னால் ஒரு ஆளுக்காவது பிரயோசனம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த மனிசன். அந்த நம்பிக்கையை என் கையாலேயே கெடுத்தேன். அடுத்த நாள் அஸருக்குக் கதிரையை எடுத்துப் போட்டேன். வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை. கோபமாவது படுவார் என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

அது நடந்து மூன்றாம் வாரம் மறுபடியும் ஸ்ட்ரோக் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பகல் மட்டும் இருந்தார். பக்கத்தில் நான் மட்டும். கடைசி மூச்சில் வாயில் வர வேண்டிய கலிமாவைக் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருடைய உதடு அசையவில்லை. மகள் அக்கரைப்பற்றில் வேலை செய்கிற கந்தோரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர முதலே மௌத்தாகிவிட்டார்.

வெளியே இறங்காமல் இத்தாவில் இருந்த நாட்களில் துக்கம் கேட்டு வந்த பொம்புளைகளெல்லாம் கேட்டது ஒன்றைத்தான், கடைசியில் கலிமா சொன்னாரா என்று. பேச்சு விழுந்த மனிசன் என்று தெரிந்தும் கேட்டார்கள். அவர்கள் கேட்கும்போது குனிந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். மகள் கேட்டபோது அப்படி இருக்க முடியவில்லை. என் மடியில் முகத்தை வைத்து, "வாப்பா கடைசியா ஏதும் சொன்னாரா உம்மா?" என்றாள்.

"ஓம் மகள். கலிமா சொன்னார். எனக்குத் தெளிவாக் கேட்டிச்சு," என்றேன்.