தொப்பூர்ச் சாலையில் என் பற்கள்

சேலத்துக் கல்லூரி விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஜன்னல் வழியே பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாலையோரம் மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் ஒரு வாய். என் வாய். பழுப்பேறிய என் பற்கள். கண்ணும் மூக்கும் ஏதோ பேருக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தன. ‘இந்தச் சிரிப்பை மாற்ற நீங்களும் வாருங்கள்’ என்று கீழே எழுதியிருந்தது.

என் சிரிப்பை மாற்ற இவர்கள் யார்?

கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பல் இப்படித்தான் இருக்கும். ஊருக்குள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெங்களூரில் பல கம்பெனிகள் வைத்திருக்கும் ஒரு முதலாளி, சம்பாதித்தது போதும், இனிக் கொடுப்போம் என்று முடிவெடுத்து எங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொடுத்தார். திறப்பு விழாவில் போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். நல்ல தண்ணீர் வந்த சந்தோஷத்தில் நானும் வாய் நிறையச் சிரித்துத் தொலைத்தேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். இனிக் கல்லூரியில் எல்லோரும் முதலில் என் பல்லைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் உடம்பு கூசியது.

முதலாளியின் அறக்கட்டளை ஆபீசுக்குப் போன் போட்டேன். அந்தப் படத்தைப் பார்த்து வேறு முதலாளிகளும் பணம் போட வந்திருக்கிறார்கள், பக்கத்து ஊர்களுக்கும் நிலையம் வரப்போகிறது என்று மேனேஜர் இனிக்க இனிக்கப் பேசினார். பலகையை எடுக்காவிட்டால் நானே வந்து கிழிப்பேன் என்றேன்.

மறுநாள் முதலாளியே போனில் கூப்பிட்டார்.

“உன் படத்தப் பாத்த அன்னிக்குத் தூக்கமே வரலம்மா. அப்புறந்தான் சொத்துல பாதிய அறக்கட்டளைக்கு எழுதி வெச்சேன்.”

நான் சிரிப்பதைப் பார்த்தால் ஒரு மனிதருக்குத் தூக்கம் போகுமா? அவ்வளவு கோரமாகவா இருக்கிறேன்? கேட்காமல் வைத்தது தப்புதான், எடுத்துவிடுகிறோம் என்றார். குரலில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொன்னபடியே எடுத்தும்விட்டார்கள்.

சில மாதம் கழித்து, பக்கத்து ஊரில் இருக்கும் சித்தியின் மகளைச் சேலம் கூட்டிப்போனேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவர்கள் ஊருக்கும் நிலையம் வந்துவிட்டது. தொப்பூர் வந்ததும் அவள் சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

“அக்கா, அங்க பாரு, நானு!”

அதே பலகை, அதே வாசகம். இந்த முறை அவள் பற்கள். சித்தியிடம் முறையாகக் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் படம் எடுத்தார்களாம்.

“நல்லாருக்கனாக்கா?”

“நல்லாருக்கடி,” என்றேன்.

பின் சீட்டில் இருந்த அம்மாள் பலகையைப் பார்த்து, “ஐயோ பாவம்” என்று உச்சுக்கொட்டினார். சிரித்துக்கொண்டிருந்தவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். சேலம் போய்ச் சேரும்வரை அவள் வாயைத் திறக்கவே இல்லை.