கைராசிக்காரன்

பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனையோ வீங்கிய கன்னங்களைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தவள். அவளையே அழவைத்தது அவள் மேசைக் கம்ப்யூட்டரில் இருந்த பிரவுசர். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் அடித்து முடிக்கிற நேரம் பார்த்துப் பொட்டென்று மூடிக்கொள்ளும். வரிசையில் நிற்பவர்கள் அவள் மேல் பாய்வார்கள்.

பழுது பார்க்க வரும் கம்ப்யூட்டர்காரன் முன்னால் மட்டும் அந்தச் சனியன் பச்சைப்பிள்ளை மாதிரி நடந்துகொள்ளும். “நல்லாத்தானே இருக்கு? எல்லாம் உங்க கைராசி அக்கா” என்று இளிப்பான். அதோடு விட்டானா? அவள் அவசரத்துக்குத் துண்டுத்தாளில் பெயர் எழுதி உள்ளே அனுப்புவதையும் டாக்டரிடம் போட்டுக்கொடுத்தான்.

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். “இனிமே பேப்பர் கிடையாது. ஸ்கிரீன்ல பேர் வராத யாரையும் பாக்க மாட்டேன். இன்னொரு புகார் வந்துச்சுன்னா, நான் வேற ஆளப் பாத்துக்குறேன்.”

அவள் வேலையில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. கணவர் வேறு, “நீ தொட்டாலே அணைஞ்சிடுதாமே” என்று கிண்டலடித்தார். அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள். அந்தக் கம்ப்யூட்டர்காரன் ஒரு நாள் என்னிடம் மாட்டாமலா போவான்?

மாட்டினான். கன்னம் பன் மாதிரி வீங்கி, கையால் தாங்கிக்கொண்டு வந்து நின்றான். “அக்கா, உயிர் போகுது. ஒரு சீட்டு எழுதி உள்ள அனுப்பிடுங்க.”

“பேப்பர் கிடையாதே தம்பி. உங்க புண்ணியம்தான்.”

அவள் நிதானமாகப் பெயரை அடித்தாள். பிரவுசர் மூடியது. மறுபடி அடித்தாள். மறுபடி மூடியது. முதல் தடவையாக அவளுக்கு அதன் மேல் பாசம் வந்தது.

“நகருங்க” என்று அவனே உட்கார்ந்து அடித்தான். அவன் கையிலும் அது பொட்டென்று மூடிக்கொண்டது.

அக்கா போய் டாக்டரின் கதவைத் தட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். “தம்பி, எதுல கோளாறுன்னு சார்ட்ட சொல்லுங்க” என்றாள் அக்கா.

“மிஷின்லதான்...” என்று முனகினான்.

“கேக்கலை. சத்தமா.”

கண்ணீர் வழியக் கத்தினான். “மிஷின்லதான் கோளாறு! அக்கா மேல தப்பே இல்ல!”

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. “புதுசு வாங்கிடலாம்மா” என்றவர், அவனை உள்ளே வரச் சொன்னார்.

அக்கா அவனைக் கைத்தாங்கலாகக் கதவு வரை கூட்டிப்போனாள்.

“பயப்படாம போங்க தம்பி,” என்றாள் கனிவாக. “டாக்டர் நல்ல கைராசிக்காரர். உங்கள மாதிரி இல்ல.”