ஒளிப்பேனாவுக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளில் குமணன்சாவடியில் ஒரு ஸ்டிக்கர் அச்சகத்தில் டிசைன் வரைந்துகொண்டிருந்தேன். முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே ஓர் ஒளிப்பேனாவும் வந்தது. பேனா நுனியில் கடுகளவு ஓட்டை. திரையின் வெளிச்சம் அதற்குள் போனால்தான் வேலை செய்யும். திரைக் கண்ணாடியில் வைத்து இழுத்தால் கோடு விழும். பிரஷ் பிடித்த இத்தனை வருஷத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

ஆயுத பூஜையன்று எல்லா மெஷினுக்கும் முதலாளிதான் தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பேனாவுக்கும் வைத்தார், சரியாக நுனியில். மறுநாள் அது காய்ந்து உதிர்ந்திருந்தது. முதல் கோட்டை அவரே போட உட்கார்ந்தார். விழவில்லை.

நான்தான் கெடுத்தேன் என்று முடிவு கட்டிவிட்டார். வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. கீழே சாய்ந்தவனை இடுப்பில் உதைத்தார். வலது கையைக் குதிகாலால் மிதித்து அரைத்தார்.

"பிரஷ்ஷு பொயப்பு பூடும்னுதானே ஒடிச்சே? இந்தக் கை இருந்தாதானேடா வரைவே."

மோதிர விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. சுற்றி நின்ற அச்சக ஆட்களில் ஒருத்தனும் தடுக்க வரவில்லை. வலியைவிட அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. எழுந்து, பேனாவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் மஞ்சளாகச் சந்தனம் அடைத்திருந்தது. குண்டூசியால் நோண்டி ஊதிவிட்டு, இடது கையால் கண்ணாடியில் இழுத்தேன். கோடு விழுந்தது.

முதலாளி சிரித்தார். "பூஜ சமாச்சாரம், உடு. கட்டு போட்டுகினு வா, வேல கீது."

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வெறி ஏறியது. பேனாவை வயரோடு பிய்த்தெடுத்து, பேப்பர் வெட்டும் மெஷினில் கத்திக்கு அடியில் வைத்தேன். பேப்பரை அசையாமல் அழுத்திப் பிடிக்கும் சட்டத்தை அதன் மேல் இறுக்கினேன். கத்தியை இறக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி ஓடிவந்து உள்ளே கைவிட்டு இழுத்தார். பேனா அசையவில்லை. அவர் மணிக்கட்டு கத்திக்கு நேர் கீழே இருந்தது. அப்படியே இறக்கிவிட உடம்பெல்லாம் துடித்தது.

"வேணாம்டா, இது மாரி இன்னொண்ணு கெடைக்காது" என்று கெஞ்சினார். என் விரலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

"கைய எடுங்க மொதலாளி" என்றேன்.

எடுத்தார். இறக்கினேன்.