சொந்தத் தாருக்கு ஏலம் கேட்டவர்

2003 நவம்பர் 16, ஞாயிறு, காலை 11.40. வெயில் இருந்தது, சுடவில்லை. புனே கேம்பில் எங்கள் தமிழ்ச் சபைக் கோயிலின் பின்முற்றத்தில், அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொடுத்த பொருள்களின் ஏலம். இருபத்தேழாவது பொருளாக வந்தது, பாடகர் குழுவின் பழைய தலைவர் ஹடப்சரில் தம் வீட்டுக்குப் பின்னால் வளர்த்த வாழைத்தார். ஏழு சீப்பு, எண்ணிவிட்டேன்.

அவர் என்னோடு பேசி நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. தவறு என்னுடையது. பதினொன்றரைக்கு மராத்தி சபையாருக்குக் கோயிலை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அவரோ கீர்த்தனையின் ஒன்பது சரணங்களையும் விடாமல் பாடுவார். எந்தெந்த ஞாயிறு எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒரு தாளில் குறித்துக் கமிட்டியில் வாசித்தேன். பதினொரு பேரும் சிரித்தார்கள். மறுவாரம் அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். பிறகு பாடவே இல்லை. ஆராதனை 11.20க்கே முடிந்தது, மிச்சமான அந்தப் பத்து நிமிடத்தை என்னால்தான் தாங்க முடியவில்லை. இரண்டு முறை அவர் தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.

ஏலம் எடுத்தவர், பொருளைக் கொடுத்தவர் கையிலிருந்தே அதை வாங்க வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். அவர் முகத்துக்கு நேரே நிற்க எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

"நூறு" என்றேன்.

"நூத்தம்பது!" என்றார் அவர். முற்றம் கொல்லென்று சிரித்தது.

"ஓய், உம்ம தாரையே காசு குடுத்து வாங்குதீரா?" என்றார் ஏலம் விட்ட செயலர்.

"அந்த ஆளு வீட்டுக்கு என் பழம் போகாது வே."

எண்ணூறு. ஆயிரம். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆயிரத்து ஐநூறு" என்றேன்.

அவர் அதற்கு மேல் ஏற்றவில்லை. "காய்கறிக்காரன்கிட்ட எட்டணாவுக்கு மல்லுக்கு நிக்கிற மனுசன்" என்றார் செயலரிடம், "இது வாழப்பழத்துக்கு இல்ல வே."

தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கனத்தில் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம்.

"அந்தத் தாள நான் வாசிச்சிருக்கக் கூடாது அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

"நீரு போட்ட கணக்கு சரிதான் வே. அவங்க சிரிச்சதுதான் குத்திச்சு." கோயில் பக்கம் பார்த்து, "இப்ப பாடுனா நேரமாயிருமோ?" என்றார்.

"ஆகட்டும்."

பாடினார். குரல் முதலில் கரகரத்தது, பிறகு பழையபடி ஏறியது. தாரை விடாமல் நானும் சேர்ந்துகொண்டேன். எத்தனை சரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆட்டோவுக்கு நாற்பத்தைந்து. தாருக்கென்று தனியாகப் பதினைந்து கேட்டான் ஆட்டோக்காரன். பேரம் பேசாமல் கொடுத்தேன். ஏலத் தொகையோடு மொத்தம் 1,560 ரூபாய்.