தண்ணீர் தீர்ந்தாலும்

எங்கள் பட்டறையில் அவளுக்குத் தண்ணிக்காரி என்று பெயர். அறுவைச் சிகிச்சையின்போது மூட்டுக்குள் நுழைத்துச் சதையைச் சுட்டு எடுக்கும் மெல்லிய குழாய்க் கருவியை வடிவமைத்தவள். நுனியில் மின்முனை, பக்கத்திலேயே, மேலே தொங்கும் பையிலிருந்து உப்புநீர் வரும் துளை. நீர் நின்றால் மின்சாரமும் தானாக நின்றுவிடும்படி செய்திருந்தாள். இல்லாவிட்டால் மூட்டு உள்ளே வெந்துவிடும் என்று கோழித்தொடையில் சுட்டே காட்டினாள். வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால் அடுப்பையும் அணைத்துவிடுவாள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

டாக்டர்களுக்கு எதிலும் அவசரம். "தண்ணிப் பை தீந்தா பாதியில நின்னு கழுத்தறுக்குது" என்றார்கள். முதலாளி அந்தத் தடுப்பையே எடுக்கச் சொன்னார். அவள் மன்றாடியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. வேலையை விட்டால் அடுப்பெரியாது. கடைசியில் தன் கையாலேயே எடுத்தாள்.

போன மாதம் அவள் கணவருக்கு முழங்காலில் அறுவை. கட்டிலை உள்ளே தள்ளும்போது டாக்டரிடம் ஓடினாள்.

"தண்ணிப் பை தீராம பாத்துக்கங்க டாக்டர்."

அவர் சிரித்தார். "அந்தத் தொல்லையெல்லாம் இப்ப ஏதும்மா? உங்க கம்பெனி புதுசுதான் வச்சிருக்கோம். தண்ணி தீந்தாலும் நிக்காது."