மீதி சைகோனில்

வில்லியனூர் கடைத்தெருவில் பழைய மரச்சாமான் விற்ற ஹபீப் முகமதுவுக்கு உலகத்தில் இரண்டே வகை நாற்காலிதான். கால் வளைந்திருந்தால் லூயி ராஜா காலத்தது. நேராக இருந்தால் லூயி ராஜாவின் தாத்தா காலத்தது. சீமைக்குத் திரும்பும் பிரெஞ்சுக்காரர்களின் வீட்டு ஏலத்தில் எடுத்து வந்து, கூசாமல் இப்படிச் சொல்லி விற்றுவிடுவார். பொய் என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியும். கேட்க நன்றாயிருந்ததால் வாங்கினார்கள்.

அவர் விற்காதது ஒன்றே ஒன்று. பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி. காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள நீண்ட கைகள் வைத்தது. தாயில்லாப் பிள்ளை அஸ்மா அதில் அவர் வயிற்றின்மேல் படுத்துத் தூங்கியே வளர்ந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், சைகோனில் கடை வைத்திருந்தவனோடு அவளுக்கு நிக்காஹ் ஆனது.

"நகைகூட வேணாம் அத்தா. அந்த நாற்காலியக் குடுத்துடுங்க," என்றாள்.

கப்பலில் பெட்டிக்கே இடம் போதாது என்றுவிட்டார்கள் மாப்பிள்ளை வீட்டார். மகள் கேட்டு அவர் இல்லையென்றது அதுவே முதல் தடவை. மனிதருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் தச்சர் கண்ணையனிடம் போய், அதே நாற்காலியை உள்ளங்கை அளவில் செய்யச் சொன்னார். கண்ணையனும் தேக்கில் அச்சு அசலாகச் செய்தார். பின்னுவதற்குப் புதுப் பிரம்பை எடுத்தபோதுதான் ஹபீப் தடுத்தார்.

"புதுசு வேணாம்பா. பிரம்பு நான் குடுக்கறேன்."

கப்பல் ஏறும் நாளன்று குட்டி நாற்காலியை வாங்கிய அஸ்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரம் புதுசு. பிரம்பு மட்டும் எண்ணெய்த் தலை பட்டுப் பட்டுப் பழுத்த நிறம். அத்தா இடுப்பு வலி என்று ஒரு வாரமாகப் பாயில் உட்காருவது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெரிய நாற்காலியின் மேல் கிடந்த போர்வையை விலக்கினாள். அவர் தலை சாயும் இடத்தில் பெரிய ஓட்டை.

"இன்னா அத்தா இது? இனிமே எதுல சாய்வீங்க?"

"நீ இல்லாம எனக்கு அதுல இன்னா தூக்கம், போ," என்றார்.

அந்த ஓட்டையை அவர் கடைசிவரை பின்னவேயில்லை. கடைக்கு வருகிறவர்கள், "பாய், இது எந்த ராஜா காலத்துது?" என்று சீண்டுவார்கள்.

"இது எம் பொண்ணு காலத்துது," என்பார் ஹபீப். "மீதி சைகோன்ல இருக்குது."