இரண்டு வெள்ளைச் சீட்டுகள்

அமெரிக்க வரலாற்றில் நான் நடத்தவே விரும்பாத பாடம் ஒன்று உண்டு. கட்சிகள் தோன்றிய பாடம். வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. பிள்ளைகளுக்கு அதை வருஷா வருஷம் நடத்தித் தொலைத்திருக்கிறேன். முதல் ஜனாதிபதி பதவியை விட்டுப் போகும்போது, கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்ளாதீர்கள் என்று நாட்டுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் அவருடைய மந்திரிசபையில் இருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு கட்சியே கட்டிவிட்டார்கள். நிதி மந்திரிக்குத் தொழிற்சாலையும் பாங்க்கும் வேண்டும். வெளியுறவு மந்திரிக்கு நிலமும் விவசாயியும் போதும். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் அதே கூத்து எங்கள் சர்ச் சபையில் நடந்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

எங்களுக்கு ஆம்பூர். அப்பா ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். என் மாமனார் ஒரு டேனரியில் தோலுக்குச் சாயமேற்றும் பிரிவில் சூப்பர்வைசர். நானும் அவர் மகனும் கல்யாணம் செய்துகொண்டதால் இருவரும் சம்பந்தி ஆனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அவர்கள் வாலிப வயதிலிருந்தே தோஸ்துகள். அவர்கள் நட்பு விட்டுப்போகக் கூடாது என்றுதான் எங்களைக் கட்டிவைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரே ஸ்கூட்டரில் ஏறிப் பிரியாணி வாங்கப் போவார்கள். யார் ஓட்டுவது என்பதில் மட்டும்தான் சண்டை.

பிறகு கோயில் காம்பவுண்டுக் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. முதலில் உப்புக் கரித்தது, பிறகு நிறம் மாறியது. அப்பா ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் லேபில் பார்த்துவிட்டு வந்து, இது டேனரிக் கழிவு என்றார். அந்தச் சமயம் ஊரில் டேனரிகளுக்கு எதிராக ஒரு மனு தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் சபையும் சேர வேண்டுமென்றால் சபைச் செயலர் கையெழுத்துப் போட வேண்டும். சபையில் பாதிக் குடும்பம் சாப்பிடுவதே தோலில். மாமனாருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. செயலர் தேர்தல் வந்தபோது ஒரு பக்கம் அப்பாவை நிறுத்தினார்கள், மறுபக்கம் மாமனாரை நிறுத்தினார்கள். தண்ணிக் கட்சி, தோல் கட்சி என்று பெயரும் வைத்தாயிற்று.

சபைக் கூட்டத்தில் அப்பா பாட்டிலைத் தூக்கிக் காட்டிப் பேசினார். மாமனார் எழுந்து, "மூத்திரம் டெஸ்ட் பண்றவரு தண்ணியப் பத்திப் பேசறாரு, கேட்டுக்குங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பா திரும்பி, "உன் கம்பெனித் தண்ணிக்கு மூத்திரமே தேவலாம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். மனஸ்தாபம் உள்ளவர்கள் சமாதானமாகாமல் நற்கருணைக்குப் போகக் கூடாது. யாரும் தடுக்க மாட்டார்கள், அவர்களாகவே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். அப்பத்துக்காக எல்லோரும் முன்னால் போய் முழங்கால் போடும்போது, அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், இரண்டு நரைத்த தலைகள் மட்டும் அசையாமல் இருக்கும். நான் அப்பம் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்க்காமல் திரும்பி வருவேன். நான் ஒரு வீட்டுப் பெண், இன்னொரு வீட்டு மருமகள். என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "யாருக்கு வேணா போடு. என்கிட்ட மட்டும் சொல்லாத" என்றுவிட்டார். நல்ல துணை.

தேர்தல் வந்த வாரம் கல்லூரியில் எனக்கு வந்து வாய்த்ததும் இந்தப் பாடம்தான். மூன்றாவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பேருக்குச் சமமான ஓட்டு விழுந்தது. கீழ்ச்சபையில் வைத்தும் நாள்கணக்கில் இழுபறி. கடைசியில் ஒரு சின்ன மாநிலத்தின் ஒரே உறுப்பினர், எனக்கு யாரும் வேண்டாம் என்று வெற்றுச் சீட்டைப் போட, வேறு சிலரும் அதையே செய்ய, ஒருவர் ஜனாதிபதி ஆனார். தோற்றவர் துணை ஜனாதிபதி ஆனார். அவருக்கும் பழைய நிதி மந்திரிக்கும் இருந்த பகை, யாரோ ஒரு விருந்தில் பேசிய பேச்சு பேப்பரில் வந்து, துப்பாக்கிச் சண்டையில் முடிந்தது. நிதி மந்திரி, நான் முதல் குண்டை வீணாக விட்டுவிடுவேன் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். அவர் குண்டு மேலே மரக்கிளையில் பட்டது. எதிராளியின் குண்டு அவர் வயிற்றில் பட்டது. சண்டைக்காக அவர்களை ஆற்றுக்கு அக்கரையில் படகில் கொண்டுவிட்டவர்களும் வைத்தியரும் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள்.

"அவங்க ஏன் மேடம் திரும்பி நின்னாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கோர்ட்டுல கேட்டா, நான் எதையும் பாக்கலன்னு சொல்றதுக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஓட்டே கேட்கவில்லை. எங்கள் சபையில் தனக்காகத் தானே ஓட்டுக் கேட்பது கேவலம், அந்தக் கால ஜனாதிபதிகளைப் போலத்தான். "நீ வாழற வீட்டையும் நெனச்சிக்கம்மா" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்தால் மாமனார், "இன்னாம்மா, நாளைக்கு உனக்குத்தான் பேஜாரு" என்று சொல்லி, என் டீயை அவரே கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரில் ஒருவர் என்னை மிரட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மற்றவருக்குப் போட்டிருப்பேன். இப்படி அன்பாகப் பேசியே என்னைக் கொன்றார்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து சீட்டுக் கொடுத்தார்கள். பெயரை எழுதி மடித்துக் காணிக்கைப் பையில் போட வேண்டும். கிணறு கெட்டது எனக்குத் தெரியும். என் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் கை கழுவினார்கள். அப்பா சொன்னது சரி என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இருந்தும் ஒன்றும் எழுதாமல் மடித்துப் போட்டேன். யாரையும் நோகடிக்கவில்லை என்று ஒரு நிம்மதி வேறு. வெற்றுச் சீட்டு ஒரு ஜனாதிபதியையே உண்டாக்கியது என்று நாலு நாள் முன்னால் போர்டில் எழுதிப்போட்ட அதே கை.

ஆயர் எண்ணி முடித்தார். மாமனார் ஒரே ஓட்டில் ஜெயித்தார். இரண்டு வெள்ளைச் சீட்டு இருந்தது, அது செல்லாது என்றார்.

அப்பா பெயரை நான் எழுதியிருந்தால் சமம். இன்னொரு ஆளும் எழுதியிருந்தால் அப்பா செயலர். சாப்பிடாமல் நேராக அப்பாவைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், அது சத்தியம். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பா, அந்த வெள்ளச் சீட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்துட்டியா? என்னுதுதான்" என்றார். "என் பேர நானே எழுதறதுக்குக் கூச்சமா இருந்திச்சி. அவன் பேர எழுதலாம்னா கெணறு கண்ணு முன்னால வருது. சும்மா மடிச்சிப் போட்டுட்டேன்."

"ரெண்டு இருந்திச்சேப்பா."

"இன்னொண்ணு அவன்து" என்றார், என்னவோ பரிசு விழுந்த மாதிரி. "நான் பாத்துக்கினேதான் இருந்தேன். ரொம்ப நேரம் பேனாவே தொறக்காம உக்காந்திருந்தான். அவனுக்கும் என்ன எதிர்த்து எழுத மனசு வரல. நான்தான் அவன தப்பா நெனச்சிட்டேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

எங்கள் வீட்டு வாசலில் மாமனாரோடு தோல் கட்சிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. அப்பா நேராகப் போய் மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீயும் என்ன மாதிரியே வெறும் சீட்டுப் போட்டியேடா. எனக்குத் தெரியும்டா" என்றார். மாமனார் அப்பாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. அவர், "உள்ள வாடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த நற்கருணையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். ஆயரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்கூட்டர் திரும்பக் கிளம்பியது, பிரியாணி வந்தது. வீடு சொர்க்கம் மாதிரி இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கு என் சௌகரியம் பெரிதாகப் போய்விட்டது, வேறொன்றுமில்லை.

தண்ணிக் கட்சிக்காரர்கள் சும்மா விடவில்லை. செயலர் உங்கள் சம்பந்திதானே, நீங்கள் கேட்டால் கையெழுத்துப் போடுவார் என்று அப்பாவை நெருக்கினார்கள். அப்பா கேட்கவில்லை. "எனக்காகச் சீட்ட வெறுமையா போட்டவன். அவன போயி நான் நெருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மனு எங்கள் சபையை விட்டுவிட்டுப் போனது. அந்தப் பாட்டிலை அப்பா எங்கே போட்டார் என்று தெரியாது. கிணற்றின் மேல் ஸ்லாப் போட்டு மூடினார்கள். அதற்கப்புறம் கேன் தண்ணீர்தான். தேர்தலில் தோற்றும் விடாமல் போராடியிருக்கக் கூடிய மனிதர் அவர். என் வெள்ளைச் சீட்டு அவர் வாயையும் கட்டிப்போட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நல்ல மழை வருஷத்தில் அப்பா இறந்துபோனார். கடைசி வரைக்கும் அவர்கள் தோஸ்துகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட அப்பா நர்ஸிடம், "இவன் இருக்கானே, எனக்காகத் தன் ஓட்டையே விட்டவன்" என்று மாமனாரைக் காட்டிப் பெருமையடித்தார். மாமனார் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். பாதி ஆழத்திலேயே தண்ணீர் சுரந்தது. மழைத் தண்ணீர் நிறத்தில் இல்லை. வெட்டுகிறவர்கள் வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்கள், ஊற ஊற அள்ளினார்கள். எனக்கு அந்தக் கிணற்று வாடை தெரியும். பக்கத்தில் நின்ற மாமனாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அந்தச் சீட்டு உன்னுதுதானேம்மா?" என்றார் மெதுவாக.

"ஆமா மாமா."

"நான் என் பேரத்தான் எழுதிக்கினேன். அவன் வந்து கையப் புடிச்சப்போ சொல்ல வாய் வரல. அப்புறம் என்னிக்குமே வரல." குழியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீயாச்சும் சொல்லியிருக்கலாமேம்மா?"

ஆயர் ஜெபத்தை ஆரம்பித்தார். தண்ணீர் முழுசாக வற்றவில்லை, நேரமாகிறது என்று பெட்டியை அப்படியே இறக்கினார்கள். நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். மண் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.